மனிற்றோபா: ஒரு டீசல் எஞ்சின் வகையின் கதை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

இலங்கைப் புகையிரத சேவையில் எம்-2 என்று குறிக்கப்படும் டீசல் எஞ்சின் வகையைப் பற்றி உங்கள் முன் பேச வந்திருக்கிறேன். பொதுநலவாய நாடுகள் ஆசிய நாடுகளின் வளர்ச்சிக்கு உதவ வகுத்த கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா இலங்கைக்கு அளித்த உதவியாக 1954ஆம் ஆண்டு வந்து சேர்ந்த இந்த வகையின் முதல் எஞ்சின் 569 என்ற இலக்கத்தையும் 'ஒன்ராறியோ' என்ற பெயரையும் தாங்கியிருந்தது. அதைத் தொடர்ந்து அல்பேர்ட்டா, கியூபெக், மனிற்றோபா என்று கனடிய மாகாணங்களின் பெயர்கள் இவற்றில் பலவற்றுக்கு இடப்பட்டன. ஒன்ராறியோ மாகாணத்தில் இலண்டன் என்ற பெயருடைய நகரிலுள்ள ஜெனரல் மோட்டர்ஸ் டீசல் தொழிற்சாலையில் உருவானது அந்த முதல் எஞ்சின். பிற்காலத்தில் எங்கள் பிள்ளைகள் பல்லாயிரக் கணக்கில் அதே மாகாணத்தில் குடியேறுவார்கள் என்று அதன் பெயர்ப் பலகையைப் பொருத்திய தொழிலாளி எண்ணியிருக்க வழியில்லை.

நீராவி எஞ்சின்களின் காலத்தை முடித்துவைத்து டீசலுக்கு மாறவேண்டும் என்பதில் உறுதியாக இருந்தவர் பி. டி. ரம்பல அவர்கள். பிரதான இயந்திரப் பொறியியலாளராகவும் பின்னர் பொது முகாமையாளராகவும் இருந்து அந்த மாற்றத்தை அவர் நடத்திக் காட்டினார். எம்-2 வருவதற்குச் சற்று முன்பே பிரித்தானியாவின் பிரஷ் பாக்னல் நிறுவனம் கட்டிய எம்-1 வகை எஞ்சின்கள் இங்கு ஓடத் தொடங்கிவிட்டன. ஆனால் அவை பாதையை விட்டு நீங்கிப் பல பத்தாண்டுகள் ஆன பின்னரும் எம்-2 ஓடிக்கொண்டிருந்தது. அதற்குக் காரணம் அதிர்ஷ்டமல்ல, அதன் அமைப்புத்தான்.

இந்த எஞ்சினுக்குள் இருப்பது 'வி' வடிவில் அமைந்த பன்னிரண்டு சிலிண்டர்களைக் கொண்ட, 1,425 குதிரைவலுவுள்ள, பிஸ்டனின் இரண்டே அசைவில் ஒரு சுற்றை முடிக்கும் இரண்டடிப்பு டீசல் பொறி. ஒவ்வொரு சிலிண்டரின் கொள்ளளவும் 567 கன அங்குலம் என்பதால் அந்தப் பொறித் தொடருக்கே 567 என்ற பெயர் நிலைத்துவிட்டது. அதன் சிறப்பு என்னவென்றால், ஒரு சிலிண்டரில் பழுது ஏற்பட்டால் பொறி முழுவதையும் இறக்க வேண்டியதில்லை. அந்தச் சிலிண்டரின் உறை, பிஸ்டன், மூடி ஆகியவற்றை மட்டும் மேலாகத் தூக்கி எடுத்துவிட்டு, தயாராக வைத்திருக்கும் இன்னொரு தொகுதியை அவ்விடத்தில் இறக்கிப் பூட்டிவிடலாம். அந்நியச் செலாவணிக்குத் தட்டுப்பாடு நிலவிய ஆண்டுகளிலும், உதிரிப்பாகத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்க நேர்ந்த ஆண்டுகளிலும், ஒரு எஞ்சினைக் கைவிடாமல் காப்பாற்ற இந்த ஒரு வசதி எவ்வளவு உதவியிருக்கும் என்பதைப் பட்டறையில் வேலை செய்தவர்கள் அறிவார்கள். முன்னும் பின்னுமாக உள்ள இரு சக்கரத் தொகுதிகள் ஒவ்வொன்றிலும், பொறி பிறப்பிக்கும் மின்சாரத்தில் இயங்கும் மோட்டார் பொருத்திய அச்சுகள் இரண்டுக்கும் நடுவில், பாரத்தைத் தாங்குவதற்கென்றே மூன்றாவதாக ஓர் அச்சை வைத்த அதன் சக்கர அமைப்பும், பாரம் தாங்காத பழைய தண்டவாளங்களுக்கு இசைவாக இருந்தது.

1956 ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை ஏறத்தாழ 410 கிலோமீற்றர் தூரம் அந்த வண்டியை எம்-2 இழுத்து வந்த காலத்தில்தான் நான் சிறுவனாகக் கொடிகாமம் மேடையில் என் தகப்பனாரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எஞ்சின் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே உள்ளங்கால் வழியாக ஓர் அதிர்வு ஏறும். வண்டி நின்ற பின் பக்கத்துச் சல்லடைகளிலிருந்து சுடுகாற்றும் எண்ணெய் வாசனையும் முகத்தில் அடிக்கும். வெளிக்கிடும்போது காற்றூதியின் சீறல் மெல்லத் தொடங்கி உயர்ந்துகொண்டே போகும். இரண்டடிப்புப் பொறிக்கு வெளியிலிருந்து காற்றைத் தள்ளிக் கொடுக்கவேண்டும் என்பதால்தான் அந்தச் சீறல் எழுகிறது என்பதைப் படித்து அறிந்தது பல ஆண்டுகளுக்குப் பிறகு. போர் வடபகுதிப் பாதையைத் தின்றுவிட்டது. 1990இல் நின்ற யாழ்ப்பாணத்துக்கான சேவை மீண்டும் 2014 ஒக்டோபரில்தான் வந்தது.

பேணுதல் என்ற சொல்லுக்கு இந்த வகையில் மிகப் பெரிய எடுத்துக்காட்டாக நிற்பது 591 இலக்க மனிற்றோபா. 2004 டிசம்பர் 26 காலையில் கொழும்பு கோட்டையிலிருந்து மாத்தறைக்குப் புறப்பட்ட வண்டியை இழுத்துச் சென்றது இந்த எஞ்சின். தென்மேற்குக் கரையிலுள்ள பெரலிய என்ற ஊரில், கடலிலிருந்து சில நூறு மீற்றர் தொலைவில் வண்டி நின்றது. ஆழிப்பேரலையின் முதல் அலை சூழ்ந்தபோது, பாரமான பெட்டிகள் அசையமாட்டா என்று நம்பிய ஊர்மக்களும் வண்டியில் ஏறிக்கொண்டார்கள். அதனினும் பெரிய அலை அடுத்து வந்தது. பெட்டிகளும் எஞ்சினும் தூக்கி எறியப்பட்டன. இறந்தோர் தொகை 1,700க்கும் மேல் என்று மதிப்பிடப்படுகிறது. உலகப் புகையிரத வரலாற்றில் இதற்கு நிகரான உயிரிழப்பு வேறில்லை.

கட்டி நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஆகிவிட்ட, கடல்நீரில் மூழ்கிய எஞ்சினைக் கழிவிரும்பாக விற்றுவிடுவதே கணக்குக்குப் பொருந்தும் முடிவு. உப்புநீர் புகுந்த மின்மோட்டாரின் சுருள்களைக் கழுவி, உலர்த்தி, தேவையான இடத்தில் புதிதாகச் சுற்றி, ஒவ்வொரு மின்கம்பியையும் சோதிக்காமல் அந்த எஞ்சினை மீண்டும் இயக்க இயலாது. இருந்தும் மனிற்றோபா திருத்தப்பட்டது. பழைய பெட்டிகளில் இரண்டும் மீட்டெடுக்கப்பட்டன. ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று அது கொழும்பிலிருந்து புறப்பட்டுப் பெரலியவில் நிற்கிறது. உறவுகளை இழந்தவர்கள் அதில் பயணம் செய்கிறார்கள். கண்ணாடிக்குள் வைத்த எந்தப் பொருளாலும் இதைச் செய்ய முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஓடும் நிலையில் ஒரு எஞ்சினைப் பேணுவதற்கு மூன்று தேவை: உதிரிப்பாகம், வரைபடம், கைப்பழக்கம். ஓய்வு பெற்ற எம்-2களின் நல்ல பாகங்களை எண்ணிட்டு ஒதுக்கி வைக்கலாம், வரைபடங்களைப் படியெடுக்கலாம். ஆனால் சிலிண்டர் தொகுதியை மாற்றும்போது எந்த ஒலியைக் கேட்டுப் பொருத்தம் சரி என்று தெரிந்துகொள்வது என்பதைச் சொல்லக்கூடிய மூத்த தொழிலாளர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்களை வேலைத்தளத்திலேயே வைத்துப் பேசச் செய்து பதிவுசெய்யவேண்டும். அது நாளைக்கே தொடங்கக்கூடிய வேலை.

உங்களில் பலரின் வீட்டு அல்பங்களில் காங்கேசன்துறையிலோ கொடிகாமத்திலோ எடுத்த படங்கள் இருக்கும். கலியாண வழியனுப்பலாக இருக்கலாம், படிப்புக்குப் புறப்பட்ட நாளாக இருக்கலாம். ஆட்களுக்குப் பின்னால் எஞ்சின் தெரிந்தால் அதன் இலக்கத்தை உற்றுப் பாருங்கள். 569 என்றோ 591 என்றோ இருந்தால், அந்தப் படத்தின் ஒரு பிரதியை நாளும் இடமும் எழுதி என்னிடம் தாருங்கள்.