ஈரம் காயும் அந்த அரை நிமிடம்

வணக்கம். நிறத்தைப் பற்றி வானொலியில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். காட்ட வழியில்லை. நான் நீலம் என்று சொன்னால் உங்களுக்குப் பிடித்த நீலத்தை நீங்களே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

பல வருடங்களாகக் கைவினை செய்கிறேன். காகிதச் சுருள் வேலை, எம்பிராய்டரி, மணி கோப்பது. இவை எல்லாவற்றிலும் கைதான் எஜமான். ஊசி போகும் வழியில்தான் நூல் போகும். அந்த நினைப்போடுதான் ஆல்கஹால் இங்க் பாட்டில்களைத் திறந்தேன். முதல் மாலையே மூக்குடைபட்டேன்.

இந்த இங்க் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. அடர்த்தியான சாயத்தை ஆல்கஹாலில் கரைத்து, பரப்பில் ஒட்டிக்கொள்ளக் கொஞ்சம் பிசினும் சேர்த்திருப்பார்கள். அழியாத மார்க்கர் பேனாவுக்குள் இருப்பதும் ஏறக்குறைய இதே வகைதான். வாட்டர்கலரில் தண்ணீர் இருக்கும் இடத்தில் இதில் ஆல்கஹால் இருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அதற்கப்புறம் நடக்கிற கூத்தெல்லாம் அந்த ஒரு வித்தியாசத்திலிருந்து வருவது.

நான் செய்த முதல் காரியம், சாதாரண வரைதாளில் ஒரு சொட்டு விட்டதுதான். குடித்துவிட்டது. ஓரம் பிசிறடித்த ஒரு வட்டம், தாளைத் திருப்பினால் பின்பக்கமும் அதே வட்டம். அப்புறம்தான் பாட்டிலில் எழுதியிருந்ததைப் படித்தேன். ஈரத்தை உறிஞ்சாத பரப்பு வேண்டுமாம். பளபளப்பு பூசிய டைல், கண்ணாடி, தகரம், இல்லையென்றால் யூப்போ. யூப்போ பார்க்கத்தான் காகிதம்; உண்மையில் பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக். ஜப்பானில் தேர்தல் வாக்குச்சீட்டுகளையே இதில் அச்சிடுகிறார்கள். மடித்துப் போட்டாலும் பெட்டிக்குள் தானாக விரிந்துவிடுவதால் எண்ணுகிறவர்களுக்கு வேலை மிச்சம். அன்று என்னிடம் யூப்போ இல்லை. மிச்சம் கிடந்த ஒரு வெள்ளை டைல் இருந்தது.

அந்த டைலில் ஒரு சொட்டு நீலம் விட்டேன். ஒரு நாணய அளவுக்கு விரிந்து நின்றது. அதன் நடுவில் நிறமில்லாத வெறும் ஆல்கஹால் ஒரு சொட்டு. அவ்வளவுதான், நீலம் அலறியடித்துக்கொண்டு நாலாபக்கமும் ஓடியது. நடுவில் வெள்ளை, சுற்றிலும் மெல்லிய நீலம், விளிம்பில் பேனாவால் வரைந்தது போல ஓர் அடர்ந்த கோடு. என் கை எதையும் தொடவில்லை. அந்த ஒரு கணத்துக்காகவே இந்த வேலையை இன்னும் விடாமல் செய்கிறேன் என்று நினைக்கிறேன்.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆசை விடுமா? மஞ்சள் விட்டேன். ஊதா விட்டேன். பச்சை, ஆரஞ்சு, மறுபடியும் ஊதா. டைலைச் சாய்த்துச் சாய்த்து எல்லாவற்றையும் ஓடவிட்டேன். ஒரு நிமிடத்துக்குள் அத்தனையும் சேர்ந்து சேறாகிவிட்டது. மஞ்சளும் ஊதாவும் நிறச் சக்கரத்தில் எதிரும் புதிருமானவை, கலந்தால் ஒன்றையொன்று கொன்றுவிடும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். எம்பிராய்டரியில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் தைத்து எத்தனையோ முறை பாராட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் நூல் பக்கத்து நூலோடு கரைந்து போவதில்லையே.

சரி, நீலம் ஏன் ஓடியது? ஒவ்வொரு திரவத்தின் மேற்பரப்பும் இழுத்துக் கட்டிய துணி மாதிரி ஓர் இழுவிசையோடு இருக்கிறது. தண்ணீருக்கு அது மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன். இந்த வேலையில் பயன்படும் ஐசோபுரொப்பைல் என்ற வகை ஆல்கஹாலுக்குச் சுமார் 22தான். இழுப்பு குறைந்த இடத்திலிருந்து கூடின இடத்தை நோக்கித் திரவம் நகரும். இதைக் கார்லோ மரங்கோனி என்ற இத்தாலிய இயற்பியலாளர் 1865இல் தன் ஆய்வேட்டில் எழுதினார், அதனால் அவர் பெயர் இதற்கு ஒட்டிக்கொண்டது. உண்மையில் பத்து வருடம் முன்பே, 1855இல், ஜேம்ஸ் தாம்சன் என்பவர் ஒயின் கோப்பையின் உள்சுவரில் வழியும் 'கண்ணீரை' வைத்து இதே விஷயத்தை விளக்கியிருந்தார். பெயர் யாருக்குப் போகும் என்று யார் கண்டார்கள்!

விளிம்பில் அந்தக் கோடு விழுவதும் கிட்டத்தட்ட காப்பிக் கறையின் கதைதான். சிந்திய காப்பி காய்ந்தால் நடுவில் வெளிறி ஓரத்தில் வளையம் விழும், பார்த்திருப்பீர்கள். சொட்டின் ஓரம் மெலிந்திருப்பதால் அங்கே சீக்கிரம் காய்கிறது. அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து திரவம் ஓரத்துக்குப் பாய்கிறது, போகும்போது சாயத்தையும் கூட்டிக்கொண்டு போய் அங்கே இறக்கிவிடுகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 1997இல் இதை விளக்கிக் கட்டுரை எழுதினார்கள். எத்தனை நூறு வருடமாக மனிதர்கள் காப்பி சிந்தியிருப்பார்கள்!

எனக்கு இதில் பிடிபட்ட விஷயம் இதுதான்: படத்தை வரைவது நான் அல்ல, காய்தல். ஈரம் இருக்கும் அந்த அரை நிமிடத்தில் அது எந்தப் பக்கம் காய வேண்டும் என்று கொஞ்சம் தள்ளிவிடலாம், அவ்வளவுதான் என் அதிகாரம். அதனால் தூரிகையைவிடக் காற்றுதான் இதில் முக்கியமான கருவி. முதல் தடவை ஹேர் டிரையரை முழு வேகத்தில் பிடித்தேன். இங்க் டைலைத் தாண்டிச் சுவருக்குப் போனது. சுவரும் உறிஞ்சுகிற பரப்புதான், அதைப் பற்றி மேலே பேச வேண்டாம். இப்போது செய்வது வேறு. வெறும் ஆல்கஹாலை முதலில் ஒரு சின்னக் குளமாக ஊற்றிக்கொள்கிறேன். அதில் ஒரே ஒரு சொட்டு நிறம். டிரையரைக் குறைந்த வேகத்தில், குளிர்ந்த காற்றில் வைத்து, உள்ளிருந்து வெளியே மெல்லத் தள்ளுகிறேன். விளிம்பு மெலிந்து, புகை மாதிரி, பூவிதழ் மாதிரி வந்து நிற்கும். உள்ளே ஈரம் வற்றுவதற்குள் எதிர்ப்பக்கம் திருப்பி இன்னொரு இதழ். சூடான காற்று யூப்போவுக்கு ஆகாது, பிளாஸ்டிக் நெளிந்துவிடும்.

வெறும் ஆல்கஹால் என்று சொல்கிறேனே, அதிலும் ஓர் ஏமாற்றம் காத்திருந்தது. வீட்டில் இருந்தது கை கழுவும் 70 சதவீதச் சரக்கு. மீதி பெரும்பாலும் தண்ணீர். அது இங்கோடு சேர்ந்ததும் ஓரங்கள் கலங்கி, மணி மணியாகத் திரண்டு, காயவும் நேரம் எடுத்தது. 99 சதவீதம் வாங்கியபின் அதே கை, அதே டைல், வேறு படம். ஆனால் சொல்லியாக வேண்டும்: அந்தக் கலங்கல் சில சமயம் பாசி படர்ந்த பாறை மாதிரி அழகாக வரும். இப்போது இரண்டையும் வைத்திருக்கிறேன்.

வெள்ளைக்குச் சாயம் கிடையாது. வெள்ளை இங்க் என்று விற்பதில் இருப்பது கரையாத நிறமித்தூள். அடியில் படிந்துவிடும், நன்றாகக் குலுக்க வேண்டும். பொன் நிறமும் அப்படித்தான். ஆனால் பொன் செய்யும் வேலையே தனி. மற்ற நிறங்களுக்கு நடுவே ஒரு சொட்டு விட்டால் மலைப்பாறையில் தாதுக்கோடு ஓடுவது போல நரம்பு நரம்பாகப் பாயும். ஒரு சொட்டு போதும். இரண்டு விட்டால் ஜிகினா.

விளையாட்டில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலின் தீப்பற்றும் வெப்பநிலை சுமார் 12 டிகிரி செல்சியஸ். அதாவது சாதாரண அறை வெப்பத்திலேயே அதன் ஆவி ஒரு பொறிக்காகக் காத்திருக்கிறது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, கீழே தங்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், விளக்கு, அடுப்பு, சிகரெட் எதுவும் பக்கத்தில் வேண்டாம். மேலே தீ வைத்துக் காயவைக்கும் ஒரு வித்தையைச் சிலர் செய்து காட்டுகிறார்கள். நான் செய்ததில்லை, செய்யவும் மாட்டேன். ஸ்ட்ராவால் ஊதுகிறவர்கள் மூச்சை இழுக்கும்போது வாயை எடுத்துவிட வேண்டும். துணி முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி அடிப்பதும் நல்லதல்ல, நுண்ணிய துளிகள் நுரையீரலுக்குள் போகும். கையுறையை நான் முதல் நாள் போடவில்லை. மூன்று நாள் விரல்கள் ஊதாவாக இருந்தன. கேட்டவர்களிடம் எல்லாம் ஒவ்வொரு கதை சொன்னேன்.

காய்ந்தபின் படம் முடிந்துவிட்டது என்று நினைப்பதும் தப்பு. இந்த இங்க் எத்தனை நாள் கழித்தும் ஆல்கஹால் பட்டால் மறுபடி கரையும். இதை அறியாமல், நான் முதன்முதலாகத் திருப்திப்பட்ட ஒரு படத்தின்மேல் தூரிகையால் வார்னிஷ் பூசினேன். அந்த வார்னிஷிலும் ஆல்கஹால் இருந்திருக்கிறது. ஒரே இழுப்பில் இதழெல்லாம் கோடாகிப் போனது. இப்போது ஸ்பிரே வார்னிஷைத்தான், வெளியில் வைத்து, மெல்லிய பூச்சாகப் பல முறை, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடிக்கிறேன். சாயம் வெயிலுக்கு நிற்காது என்பதையும் ஜன்னலோரம் மாட்டிய ஒரு டைல்தான் சொல்லிக்கொடுத்தது. இளஞ்சிவப்பு முதலில் போனது. நீலம் கொஞ்சம் தாக்குப்பிடித்தது. புறஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு அடித்தால் நாள் கூடும், ஆனாலும் நேர் வெயிலில் மாட்டுவதில்லை.

கரையும் குணத்தில் ஒரு லாபமும் உண்டு. அன்று சேறாகிப் போன டைலை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தேன், வெள்ளையாக வந்துவிட்டது. அது இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. புது நிறம் வரும்போதெல்லாம் அதில் சொட்டிப் பார்த்துத் துடைத்துவிடுகிறேன். பளபளப்பு பூசாத அதன் பக்கவாட்டில் மட்டும் முதல் நாள் ஊதா குடித்தது குடித்தபடி இருக்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் போவதில்லை.

நன்றி, வணக்கம்.