குயவரின் மனைவியை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

வணக்கம். இன்று என் அறையில் இல்லை. தஞ்சாவூர் பக்கத்துப் பாபநாசத்துக்கு அருகே, எங்கள் அப்பாயி வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்திருக்கிறேன். இடையில் சேவல் கூவும், பம்புசெட் ஓடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குகிறேன். இந்தக் கல்லுரல் தெரிகிறதா? பக்கத்தில் சாத்தியிருப்பது உலக்கை. நுனியில் இரும்புப் பூண் இன்னும் இருக்கிறது. நடுவில், கை பிடிக்கும் இடத்தில் மட்டும் மரம் எப்படி மெலிந்திருக்கிறது பாருங்கள். இழைப்புளி போட்டது போல வழவழவென்று இருக்கிறது. அது முழுக்கக் கை தேய்த்த தேய்மானம். அப்பாயியின் அம்மா இந்த உலக்கையோடு பெரிய வீடுகளுக்கு நெல் குத்தப் போவாராம்.

நேற்று அப்பாயியிடம் கேட்டேன்: "உங்கள் அம்மா என்ன வேலை பார்த்தார்?" அவருக்கு எண்பத்தாறு வயது, நினைவு தெளிவாக இருக்கிறது. யோசிக்காமல் பதில் சொன்னார்: "அவள் என்ன வேலை பார்த்தாள்? ஒன்றும் பார்க்கவில்லை. வீட்டில்தான் இருந்தாள்."

அந்தப் பதிலைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சில வாரங்களாக நான் படித்துக்கொண்டிருப்பது ஆங்கிலேயர் காலத்துச் சென்னை மாகாணத்தின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கைகளை. அந்த அறிக்கைகளிலும் இதே பதில்தான், வேறு மொழியில், வேறு மையில் இருக்கிறது. இன்றைய பேச்சு அதைப் பற்றியது.

முதலில் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னை மாகாணத்தில் 1871இல் விரிவான கணக்கெடுப்பு நடந்தது. அறிக்கையை எழுதியவர் கார்னிஷ் என்ற மருத்துவ அதிகாரி, மாகாணத்தின் சுகாதார ஆணையர். பிறகு 1881 பிப்ரவரி 17இல் இந்தியா முழுவதும் ஒரே இரவில் எண்ணினார்கள். அதிலிருந்து 2011வரை பத்து ஆண்டுக்கு ஒருமுறை தவறவில்லை. நிலா வெளிச்சம் இருக்கும் இரவாகப் பார்த்து, திருவிழாவும் கல்யாணமும் குறைவாக இருக்கும் நாளைத் தேர்ந்தெடுப்பார்கள். கிராமத்தில் எழுதுகிறவர் பெரும்பாலும் கர்ணம், அதாவது நாம் கணக்குப்பிள்ளை என்று சொல்கிறவர், அல்லது பள்ளிக்கூட வாத்தியார். பெயர், வயது, சாதி, மொழி எல்லாம் கேட்டு, கடைசியில் தொழிலைக் கேட்பார்.

இந்தத் தொழில் கேள்விதான் சிக்கல். ஒவ்வொரு முறையும் கேள்வியையே மாற்றினார்கள். 1881இல் இங்கிலாந்துக் கணக்கெடுப்புக்காக உருவான வகைப்பாட்டை நம் ஊருக்குப் போர்த்தினார்கள். 1891இல் தொழிலை விட்டுவிட்டுப் பிழைப்பு வழியைக் கேட்டார்கள். தகப்பன் நெசவாளி என்றால், தொட்டிலில் கிடக்கும் குழந்தையும் நெசவால் பிழைப்பவர் பட்டியலில் சேர்ந்துவிடும். 1901இல் உழைப்பவர் வேறு, அவரை அண்டியிருப்பவர் வேறு என்று பிரித்தார்கள். 1931இல் அதையும் மாற்றி, சம்பாதிப்பவர், உழைக்கும் சார்ந்திருப்பவர், உழைக்காத சார்ந்திருப்பவர் என்று மூன்றாக்கினார்கள். ஆகவே யாராவது இரண்டு ஆண்டுகளின் அட்டவணையை அடுத்தடுத்து வைத்து, "பார், பெண் தொழிலாளர் இத்தனை குறைந்துவிட்டார்கள்" என்று சொன்னால், உடனே நம்பிவிடாதீர்கள். பெண்கள் வேலையை விட்டார்களா, அட்டவணையின் கட்டம் அவர்களை விட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இப்போது நான் சொல்லத் துடித்துக்கொண்டிருக்கும் இடத்துக்கு வருகிறேன். 1911 கணக்கெடுப்பில் எழுதுகிறவர்களுக்குக் கொடுத்த அறிவுரை. அதன் சாரம் இது: வீட்டைப் பார்த்துக்கொண்டு சோறு சமைக்கும் பெண் உழைப்பவர் அல்ல, சார்ந்திருப்பவர். ஆனால் விறகோ சாணமோ பொறுக்கி விற்கும் பெண் குடும்ப வருமானத்தைக் கூட்டுகிறார், ஆகவே அவர் உழைப்பவர். கணவன் வேலையில் வழக்கமாகக் கைகொடுக்கும் பெண்ணும் உழைப்பவர்தான். அதற்கு அவர்கள் கொடுத்த எடுத்துக்காட்டு, பானைக்கு மண் எடுத்து வரும் குயவரின் மனைவி. எப்போதாவது கொஞ்சம் உதவி செய்கிறவர் மட்டும் உழைப்பவர் ஆகமாட்டார்.

படிக்கும்போது நியாயமான விதியாகத்தான் தெரிகிறது. எழுதியவர் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த விதி நம் ஊர்த் திண்ணைக்கு வந்து சேரும்போது என்ன ஆகிறது என்று நினைத்துப் பாருங்கள். கர்ணம் வாசலில் நிற்கிறார். பதில் சொல்கிறவர் வீட்டு ஆண். பல வீடுகளில் மனைவியின் பெயரைச் சொல்லவே தயங்குவார்கள். "உன் சம்சாரம் மண் எடுத்து வருவது வழக்கமாகவா, எப்போதாவதா?" என்று எந்தக் கர்ணம் கேட்டிருப்பார்? கேட்டாலும் எந்தக் குயவர் அதற்குப் பதில் யோசித்திருப்பார்? மண்ணை வெட்டி, சுமந்து வந்து, கல் பொறுக்கி, மிதித்துப் பதமாக்கி, வனைந்த பானையை நிழலில் உலர்த்தி, சூளைக்கு அடுக்கி, சந்தைக்குக் கூடையில் சுமந்துபோவது என்று வேலை நீண்டுகொண்டே போகிறது. இதில் சக்கரம் சுற்றுவது ஒரு பங்குதான். சக்கரத்தில் உட்கார்ந்தவர் குயவர். மற்றவர் குயவரின் மனைவி.

நெசவும் இப்படியே. தறியில் உட்காருகிறவர் ஆண் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறுக்கிழை நூலைத் தாராகச் சுற்றுவது யார்? நெடுக்கிழையான பாவை நீட்டிக் கஞ்சி போடும்போது இழை அறுந்தால் முடிச்சுப் போடுவது யார்? வீடே சேர்ந்து நெய்கிறது, துணி ஒருவர் பெயரில் வருகிறது.

நூல் நூற்பது பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. இராட்டை சுற்றுவது தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் கையில் இருந்த வருமானம். விதவைகளும் வயதானவர்களும் வீட்டை விட்டு வெளியே போகாமலே நாலு காசு பார்த்த வேலை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலை நூல் மலிவாக வந்து இறங்கியது. ஆலை நூலை வாங்கித் தறி ஓட்டி நெசவாளி எப்படியோ தாக்குப்பிடித்தார். நூற்ற பெண்ணுக்குப் போக்கிடம் இல்லை. நெசவாளியின் நலிவைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். இராட்டையை மூலையில் சாத்திவைத்த பாட்டியைப் பற்றிப் பேசுவது குறைவு. எனக்கு இது மனத்தில் குத்திக்கொண்டே இருக்கிறது.

சரி, ஆண்கள் பக்கமாவது கணக்கு சரியாக இருந்ததா? அதுவும் இல்லை. சாதித் தொழிலையே செய்யும் தொழிலாக எழுதிவிடும் பழக்கம் இருந்தது. ஏர் பிடித்து உழுகிறவரை, அவர் தாத்தா செய்த தொழிலின் பெயரில் பதிந்துவிடுவார்கள். "கூலி" என்று ஒற்றை வார்த்தையில் எழுதி முடித்தவர்களும் ஏராளம். வயலில் கூலியா, சாலையில் கூலியா, மூட்டை தூக்கும் கூலியா என்று தெரியாது. ஆனாலும் ஆணுக்கு ஏதோ ஒரு பெயர் கிடைத்துவிட்டது. மருத்துவச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் முடி திருத்துகிறவர் வீட்டுப் பெண்தான் பெரும்பாலும் பிரசவம் பார்த்தவர். நடுராத்திரியில் கதவைத் தட்டினால் அரிக்கன் விளக்கோடு புறப்படுவார். அவருக்குக் கூலி நெல்லாக, பழைய புடவையாக வரும். அவரைப் பிரசவம் பார்க்கிறவர் என்று எழுதினார்களா, முடி திருத்துகிறவரின் மனைவி என்று விட்டார்களா? அது கர்ணத்தின் கையில் இருந்தது. இத்தனைக்கும் 1875இலேயே சென்னை மருத்துவக் கல்லூரியில் நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள். கல்லூரி வாசலில் நுழைந்த பெண்ணின் பெயர் பதிவேட்டில் இருக்கிறது.

பெண்ணின் உழைப்பு தவறாமல் காகிதத்தில் ஏறிய இடங்களும் உண்டு. அவற்றைத் தேடிப் பார்த்தேன். எங்கே ஒருவர் கூலியை எண்ணிக் கொடுக்க வேண்டியிருந்ததோ, அங்கே எழுதியிருக்கிறார்கள்.

தாது வருஷப் பஞ்சம் நினைவிருக்கிறதா? 1876இலிருந்து 1878வரை. பஞ்ச நிவாரணம் என்று குளம் வெட்டினார்கள், சாலை போட்டார்கள், ஜல்லி உடைத்தார்கள். சென்னையில் அடையாற்றுக்கும் கூவத்துக்கும் இடையே பக்கிங்காம் கால்வாயை இணைத்ததும் பஞ்சத்துக் கைகள்தான். ஆண் மண்ணை வெட்ட, பெண் கூடையில் சுமந்தார். 1877இல் வைஸ்ராய் அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் வந்து கூலியைக் குறைத்தார். ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும், பெண்ணுக்கும் வேலை செய்யும் பிள்ளைக்கும் அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஒரு பவுண்டு என்றால் அரைக்கிலோகூட இல்லை. நாள் முழுக்க வெயிலில் மண் சுமக்கும் உடம்புக்கு இது போதாது என்று எதிர்த்து எழுதியவர் யார் தெரியுமா? அதே கார்னிஷ், 1871 கணக்கெடுப்பு அறிக்கையை எழுதியவர். அவர் விடாமல் வாதாடியதில், அந்த மார்ச் மாதம் மாகாண அரசு தானியத்தை ஒன்றேகால் பவுண்டாக ஏற்றிக் கொஞ்சம் பருப்பும் சேர்த்தது. அவர் கேட்டதில் பாதித் தூரம்தான் அது.

1871இல் ஏறக்குறைய 3 கோடியே 12 லட்சமாக இருந்த மாகாணத்து மக்கள்தொகை, 1881இல் ஏறக்குறைய 3 கோடியே 8 லட்சம். பத்து ஆண்டில் ஏறியிருக்க வேண்டிய எண் இறங்கியிருக்கிறது. இந்த இரண்டு எண்களையும் நான் நோட்டில் எழுதிவிட்டு வெகுநேரம் பேனாவை எடுக்கவில்லை.

இன்னொரு இடம் இலங்கை மலையகம். ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் கங்காணியோடு இங்கிருந்து போனவர்கள். காப்பித் தோட்டக் காலத்தில் பெரும்பாலும் ஆண்களே பழம் பறிக்கும் பருவத்துக்குப் போய் வந்தார்கள். 1869க்குப் பிறகு இலைநோய் காப்பியை அழித்தது, தேயிலை வந்தது. தேயிலைக் கொழுந்தை ஆண்டு முழுவதும் பறிக்க வேண்டும். லயம் என்ற வரிசை வீடுகளில் குடும்பம் குடும்பமாகத் தங்கினார்கள். கவ்வாத்து வெட்டுவது, அதாவது செடியைக் கழித்துவிடுவது ஆண், கொழுந்து எடுப்பது பெண். அங்கே ஒரு நாள் கூலிக்குப் பெயரே "பேர்". எடை குறைந்தால் "அரைப்பேர்" போட்டுவிடுவார்கள். ஒவ்வொரு பெண்ணின் ஒவ்வொரு நாளும் செக்ரோலில், அதாவது தோட்டத்து வருகைப் பதிவேட்டில் இருந்தது. 1927இல் அங்கே குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோதும் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று என்று தனித்தனி விகிதம். எழுதினார்கள், குறைத்து எழுதினார்கள்.

இப்போது மறுபடியும் இந்த உரலுக்கு வருகிறேன். நெல் குத்துவது அந்தக் காலத்துச் சென்னை மாகாணத்தில் பெண்களின் பெரிய தொழில்களில் ஒன்று. நெல்லை அவித்து, காயவைத்து, குத்தி, முறத்தில் புடைத்து, உமி வேறு, தவிடு வேறு, குறுநொய் வேறு, அரிசி வேறு என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். குத்துக்கூலியாகக் கிடைத்தது கொஞ்சம் அரிசி, நொய், தவிடு. இருபதாம் நூற்றாண்டின் முதல் சில பத்தாண்டுகளில் காவிரிப் பக்கம் அரிசி ஆலைகள் வந்தன. உலக்கைச் சத்தம் குறைந்தது. ஆலையில் மூட்டை தூக்கவும் இயந்திரம் ஓட்டவும் ஆண்களை வைத்தார்கள். களத்தில் நெல் துழாவும் வேலை பெண்களுக்கு.

அப்பாயியின் அம்மா 1931இல் புதுப்பெண்ணாக இந்த வீட்டுக்கு வந்திருந்தார். அந்த ஆண்டுக் கணக்கெடுப்பு நாள் பிப்ரவரி 26. மாசி மாதம். சம்பா அறுவடை முடிந்திருக்கும். நடவும் களையெடுப்பும் எப்போதோ முடிந்த கதை. வயலில் பெண் இல்லாத நாளாகப் பார்த்து வந்து "இவர் என்ன வேலை பார்க்கிறார்?" என்று கேட்டால், திண்ணையில் இருந்தவர் என்ன சொல்லியிருப்பார்? நேற்று அப்பாயி சொன்னதைத்தான் சொல்லியிருப்பார்.

அதனால் இன்று காலையில் கேள்வியை மாற்றினேன். நீங்களும் உங்கள் வீட்டில் மூத்தவர்களிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள். தொழில் என்ன என்று கேட்க வேண்டாம். தை மாதத்தில் உங்கள் அம்மா விடிந்ததும் எங்கே போவார் என்று கேளுங்கள். பிறகு மாசி, பிறகு பங்குனி. மாதம் மாதமாகக் கேளுங்கள்.

நான் தையில் ஆரம்பித்தேன். அறுப்புக்குப் போனது, களத்தில் தூற்றியது, கூலி நெல்லைக் கொண்டுவந்து அவித்தது, பெரிய வீட்டுக்குக் குத்தப் போனது, பங்குனியில் உளுந்து பிடுங்கியது, சாணம் தட்டி அக்கிரகாரத்தில் விற்றது, கீற்று முடைந்தது என்று அப்பாயி சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டே இருந்தேன். இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. இன்னும் சித்திரைதான் நடந்துகொண்டிருக்கிறது. உள்ளேயிருந்து கூப்பிடுகிறார், வைகாசியைச் சொல்ல வேண்டுமாம். நான் போகிறேன்.