காவோலையும் குருத்தோலையும்

அவைத் தலைவர் அவர்களே, கோயில் அறங்காவலர்களே, இந்த மழையிலும் நம் டர்பன் நகரின் பீனிக்ஸ் பகுதியிலிருந்து வந்திருக்கும் நகராட்சி உறுப்பினர் அம்மையார் அவர்களே, அவருக்கு முன்வரிசையில் இடம் விட்ட இளைஞர்களே, சமையற்கட்டில் நின்றபடியே கேட்கும் தாய்மார்களே, வணக்கம். யார் பெயராவது விடுபட்டிருந்தால் பொறுத்தருளுங்கள். சென்ற ஆண்டு ஒருவரை விட்டுவிட்டு ஆறு மாதம் அவர் வீட்டுத் தேநீரை இழந்தேன்.

மூன்று செய்திகள் பேச வந்தேன்: உயிரணு எப்படிச் சாகிறது, மரபணு எப்படி வாசிக்கப்படுகிறது, இவற்றுக்கும் புற்றுநோய்க்கும் என்ன உறவு.

முதலில், சாவு. உயிரியலாளர் சிட்னி பிரென்னர் நம் தென்னாப்பிரிக்க நாட்டுக்காரர். 1927இல் ஜெர்மிஸ்டனில் பிறந்த, செருப்புத் தைப்பவரின் மகன். ஒரு மில்லிமீட்டர் புழுவை ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்தார். அது வளரும்போது உண்டாகும் 1,090 உடல் உயிரணுக்களில் 131 குறித்த வேளையில் தாமே இறக்கின்றன. எப்போதும் அதே 131. பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் மூவருக்கும் 2002இல் நோபெல் பரிசு. நம் உடலிலும் காஸ்பேஸ் என்னும் நொதிக் கத்தரிக்கோல்கள் உறையிலிட்டபடி காத்திருக்கின்றன. ஆணை வந்ததும் உயிரணுவை உள்ளிருந்தே நறுக்கிப் பொட்டலம் கட்டுகின்றன; அக்கம்பக்கத்து உயிரணுக்கள் அதை விழுங்கிவிடுகின்றன. கருவில் விரல்களுக்கிடையே இருந்த சவ்வு இப்படித்தான் போயிற்று. 1972இல் இதற்கு வைத்த ‘அபோப்டோசிஸ்’ என்னும் கிரேக்கப் பெயருக்கு இலையுதிர்தல் என்று பொருள். நம்மவர் சொன்னதுதான்: காவோலை விழக் குருத்தோலை சிரித்ததாம். டர்பனில் பனை ஏது என்கிறீர்களா? பழமொழி கப்பலேறி வந்தது.

அடுத்து, வாசிப்பு. கண்ணிலும் கல்லீரலிலும் இருப்பது ஒரே மரபு நூல். ஆனால் டி.என்.ஏ. இழை இறுகச் சுருண்ட பக்கம் திறக்காது. திறந்த பக்கத்திற்கே தூது ஆர்.என்.ஏ. என்னும் நகல் எடுக்கப்படும். அந்தத் தூதை 1961இல் கண்டறிந்தவர்களிலும் பிரென்னர் ஒருவர்.

எங்கள் வீட்டிலும் திறக்காத பக்கம் ஒன்று இருந்தது. கொள்ளுத் தாத்தா டோங்காட் கரும்புத் தோட்டத்தில் இருந்தபோது ஊரிலிருந்து வந்த கடிதம். படிக்கத் தெரிந்தவர் இல்லை. ஆயா அதை மஞ்சள் துணியில் சுற்றிச் சாமி மாடத்தில் வைத்து, வெள்ளிதோறும் சூடம் காட்டுவார். மணப்பெண்கள் அதைத் தொட்டுக் கும்பிட்டுத்தான் புறப்படுவார்கள். மெட்ரிக் தேர்வுக்கு முன் நானும் விழுந்து கும்பிட்டேன். கணக்கில் மட்டும் அருள் கிட்டவில்லை. கடைசியில் தமிழ் தெரிந்த பெரியவர் ஒருவர் வந்தார். குடும்பமே குளித்துவிட்டு உட்கார்ந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்து, தொண்டையைச் செருமி வாசித்தார்: “வாங்கிப்போன பன்னிரண்டு ரூபாயை இன்னும் அனுப்பவில்லை. மாட்டை விற்றுவிட்டோம். மானம் இருந்தால் பதில் போடு.”

ஆயா சொன்னார்: “கடன் சீட்டுக்கா இத்தனை வருஷம் சூடம் காட்டினேன்!”

சிரிக்கிறீர்கள். நம் அரசியல் சாசனத்தின் 6ஆம் பிரிவில் தமிழின் பெயர் இருக்கிறது. அதையும் மஞ்சள் துணியில்தான் சுற்றி வைத்திருக்கிறோம். இந்த மண்டபத்தின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் இப்போது ஒன்பது பிள்ளைகள். அந்த நேரத்தை விருந்துகளுக்கு வாடகைக்கு விடலாம் என்று பேச்சு. அறங்காவலர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. கூரை ஒழுகுவதும் தெரியும். ஆனால் காவோலை நாங்கள் விழுகிறோம், குருத்தோலை சிரிக்கட்டும். தமிழில் சிரிக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

மூன்றாவது, புற்றுநோய்: சாக மறுக்கும் உயிரணு. தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார், சோறும் ஆறுகிறது. வகுப்புப் பதிவேடு வாசலில் இருக்கிறது. பேரப்பிள்ளைகளின் பெயரை எழுதிவிட்டுச் சாப்பிடப் போங்கள். பேனா என்னுடையது, மேசையிலேயே வைத்துவிடுங்கள்.