அடியில் குனிந்து பார்த்து வாங்குங்கள்

வணக்கம்.

பழைய எஸ்யூவி வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த மாடல் நல்லது?" என்றுதான். புது வண்டிக்கு அது சரியான கேள்வி. எட்டு, பத்து வருடம் ஓடிய வண்டிக்கு அது போதாது. ஒரே மாடலில் ஒரே வருடம் வந்த இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று நெடுஞ்சாலையில் சீராக ஓடியிருக்கும். இன்னொன்று பின்னால் டிரெய்லரை மாட்டிக்கொண்டு மேடு மேடாக ஏறியிருக்கும். விற்கிறவர் இரண்டையும் ஒரே மாதிரி கழுவி, பாலிஷ் போட்டுத்தான் நிறுத்துவார். எப்படி ஓடிய வண்டி என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. எஸ்யூவியைப் பொறுத்தவரை அதற்கான தடயங்கள் பெரும்பாலும் அடியில்தான் இருக்கின்றன.

அதற்கு முன், எஸ்யூவி என்ற பெயரில் இரண்டு வகை வண்டிகள் விற்கின்றன என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, லாரியைப் போலத் தனி இரும்புச் சட்டத்தின் மேல் பாடியை உட்கார வைத்த வகை. டொயோட்டா லேண்ட் குரூசர் இதற்கு நல்ல உதாரணம். இன்னொன்று, காரைப் போலச் சட்டமும் பாடியும் ஒன்றாகவே செய்யப்பட்ட வகை. 1994-இல் வந்த டொயோட்டா ராவ்4 இந்தப் பாதையில் பலரை இழுத்துவந்தது. பாரம் இழுக்க வேண்டும், கரடுமுரடான பாதையில் போக வேண்டும் என்றால் தனிச் சட்டம் உள்ள முதல் வகையை வாங்குங்கள். பள்ளிக்கூடம், அலுவலகம், எப்போதாவது ஒரு நீண்ட பயணம் என்றால் இரண்டாவது வகையே போதும். எரிபொருளும் குறைவாகக் குடிக்கும், வளைவுகளில் ஆட்டமும் குறைவு. தேவையில்லாத ஃபோர் வீல் டிரைவுக்குப் பணம் கொடுத்தால், அதைப் பராமரிக்கவும் தொடர்ந்து கொடுக்க வேண்டியிருக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். உயரமான வண்டி திடீரென்று திருப்பும்போது கவிழ வாய்ப்பு அதிகம். வழுக்கும்போது சக்கரங்களைத் தனித்தனியாகப் பிரேக் பிடித்து வண்டியை நேர்ப்படுத்தும் இஎஸ்சி வசதி அந்த ஆபத்தை நன்றாகக் குறைக்கிறது. அமெரிக்காவில் 2012 மாடல் வருடத்திலிருந்து எல்லாப் பயணிகள் வண்டிகளிலும் அது கட்டாயம். அதைவிடப் பழைய வண்டி என்றால், இருக்கிறதா என்று கேட்டு, சாவியைத் திருப்பும்போது அதன் விளக்கு எரிந்து அணைகிறதா என்றும் பாருங்கள். அது இல்லாத வண்டியைக் குடும்பத்துக்காக வாங்காதீர்கள்.

சரி, இப்போது அடியில் குனிவோம். ஒரு டார்ச் போதும். முடிந்தால் லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். தெரிந்த மெக்கானிக் கூட இருந்தால் இன்னும் நல்லது. சட்டத்தின் மேல் மெலிதாகப் படிந்திருக்கும் துருவைக் கண்டு பயப்பட வேண்டாம். செதில் செதிலாக உரிந்து வரும் துருதான் ஆபத்து. ஸ்பிரிங் உட்காரும் இடம், சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கும் சஸ்பென்ஷன் ஆர்ம் சேரும் இடம், பின்சக்கரத்துக்கு மேலே சட்டம் வளையும் இடம், இந்த மூன்றையும் விடாதீர்கள். சேறும் ஈரமும் தங்கி அரிக்கிற இடங்கள் அவை. ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே அரித்திருந்தால் மந்தமாகக் கேட்கும். பழைய வண்டியின் அடியில் மட்டும் புத்தம்புதிய கறுப்புப் பூச்சு இருந்தால், எதை மறைக்கப் பூசினார்கள் என்று கேளுங்கள்.

அடுத்து, கீறல்கள். இன்ஜினுக்கு அடியில் உள்ள தகட்டிலும், சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் ஆழமான கீறலோ நசுங்கலோ இருந்தால், வண்டி பாறைமேல் உட்கார்ந்து எழுந்திருக்கிறது. "டவுனுக்குள்ளேதான் ஓட்டினேன்" என்று விற்பவர் சொன்னால், அவர் சொல்லும் மற்றதையும் அப்புறம் அதே சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும். முன்சக்கரங்களின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருந்தால், ஆக்ஸில் ரப்பர் உறை கிழிந்திருக்கிறது. டிரெய்லர் கொக்கி, அல்லது அதைக் கழற்றிய போல்ட் துளைகள் இருந்தால், எதை இழுத்தார்கள், எவ்வளவு தூரம் என்று விசாரியுங்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் சூட்டில் கெடுவது பெரும்பாலும் அந்த வேலையால்தான்.

டயர்களைப் பார்க்க வேண்டியது தேய்மானத்துக்காக மட்டும் இல்லை. பக்கச்சுவரில் டிஓடி என்ற எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள், டயர் தயாரான வாரமும் வருடமும். 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம். நான்கு சக்கரமும் எப்போதும் இயங்கும் வண்டியில், நான்கு டயரும் ஒரே அளவாக, ஏறக்குறைய ஒரே தேய்மானத்தோடு இருக்க வேண்டும். இரண்டு புதிது, இரண்டு மொட்டை என்றால் சக்கரங்கள் சுற்றும் வேகம் வேறுபடும். அந்த வித்தியாசத்தை நடுவில் உள்ள கிளட்சோ, சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல் சக்கரத் தொகுதியான டிஃபரன்ஷியலோ ஓயாமல் தாங்க வேண்டும். ஓட்டிப் பார்க்கும்போது ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி, காலியான இடத்தில் மெதுவாக ஒரு வட்டம் போடுங்கள். வண்டி விட்டுவிட்டு இழுத்தாலோ முனகினாலோ, அங்கே கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம்.

தேவைப்படும்போது மட்டும் ஃபோர் வீலுக்கு மாற்றும் வகையை, காய்ந்த தார் சாலையில் மாற்றிச் சோதிக்காதீர்கள். மண்ணிலோ சரளைக்கல்லிலோ நிறுத்தி, மெதுவாக, அதிக இழுவையோடு போக உதவும் லோ கியர் விழுகிறதா, திரும்ப வெளியே வருகிறதா என்று பாருங்கள். வருடக்கணக்கில் யாரும் தொடாத லீவர் இறுகிப்போயிருக்கும்.

இன்ஜினைக் குளிர்ந்த நிலையில்தான் முதலில் ஸ்டார்ட் செய்ய வேண்டும். நீங்கள் போகும்போதே பானெட் சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். நீலப் புகை ஆயில் எரிவதைச் சொல்லும். இன்ஜின் சூடான பிறகும் இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால், கூலன்ட் உள்ளே கசிகிறது. புகைக்கரியை வடிகட்டும் டிபிஎஃப் உள்ள டீசல் வண்டி, குறுகிய நகர ஓட்டத்திலேயே காலம் கழித்திருந்தால் வடிகட்டி அடைத்திருக்கலாம். சுமார் 600 டிகிரி சூட்டில்தான் அந்தக் கரி எரியும். கடைக்குப் போய்த் திரும்பும் தூரத்தில் அந்தச் சூடு வராது. தினமும் சின்னச் சின்னத் தூரம் மட்டுமே ஓட்டப் போகிறீர்கள் என்றால் பெட்ரோல் வண்டியைப் பாருங்கள்.

வெள்ளத்தில் மூழ்கியதா என்று அறிய, சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை அதன் அடிப்பகுதியில் தங்கிவிடும். சீட்டுக்கு அடியில் உள்ள இரும்புத் தண்டவாளத்தில் துரு இருந்தாலும் அதே சந்தேகம்தான்.

எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை என்று திருப்தி அடைந்துவிடாதீர்கள். சிறிய ஸ்கேனரை மாட்டினால், வண்டியின் கணினியில் பதிவான பிழைக் குறிகளைச் சமீபத்தில் அழித்திருக்கிறார்களா என்பதுவரை பல நேரம் தெரிந்துவிடும். அப்படி அழித்திருந்தால், வண்டி தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள் முடியாமல் பாதியில் நிற்கும். சேசிஸ் எண் ஆவணத்திலும் வண்டியிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். கடன் பாக்கி இல்லை என்பதற்கு எழுத்துப்பூர்வமான சான்றை வாங்குங்கள்.

விலை பேசும்போதே ஒரு தொகையை ஒதுக்கி வைத்துவிடுங்கள். வாங்கிய வாரமே இன்ஜின் ஆயிலோடு, டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் பின் டிஃபரன்ஷியல்கள் ஆகியவற்றின் ஆயிலையும், கூலன்ட், பிரேக் ஆயில் இரண்டையும் மாற்றுங்கள். டிஃபரன்ஷியலிலிருந்து வடிந்த ஆயிலில் பளபளவென்று இரும்புத்தூள் மிதக்கிறதா என்று பாருங்கள். வடிகால் மூடியின் காந்தத்தில் மாவு போல ஒட்டியிருப்பது சாதாரணத் தேய்மானம். விரலில் குத்துகிற துண்டுகள் இருந்தால், பல் சக்கரம் உடைய ஆரம்பித்திருக்கிறது. வண்டியை ஓட்டாமல் அங்கேயே திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.