பதினான்கு இடங்களும் ஓர் உட்பிரிவும்

எல்லோருக்கும் வணக்கம். கூட்டத்தில் வக்கீல்கள் ஓரிருவர் இருக்கலாம். அவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும், இன்றைய பேச்சு மற்றவர்களுக்கானது. காலையில் டீக்கடையில் பேப்பரைப் புரட்டி, ‘ஹைகோர்ட் அதிரடி’ என்ற தலைப்பைப் பார்த்ததும் ஒரு கட்சி எடுத்துக்கொண்டு சண்டைக்குத் தயாராகிறோமே, அப்படிப்பட்ட நமக்கானது.

அந்த ‘அதிரடி’ பல நாள் தீர்ப்பாகவே இருக்காது. விசாரணை நடுவே நீதிபதி அரசு வக்கீலைப் பார்த்துக் கேட்ட கேள்வியாக இருக்கும், அல்லது இரண்டு வாரத்துக்கான இடைக்காலத் தடையாக இருக்கும். இறுதித் தீர்ப்பே ஆனாலும் அதில் என்ன சொல்லியிருக்கிறது என்பது வேறு விஷயம். பட்டா மாறுதலுக்கு ஒருவர் மனுக் கொடுத்திருக்கிறார், தாசில்தார் அலுவலகத்தில் பதிலே இல்லை. அரசமைப்பின் 226-ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடுகிறார். ‘மனுவை 12 வாரத்துக்குள் பரிசீலித்து, சட்டப்படி உரிய உத்தரவு பிறப்பிக்க வேண்டும்’ என்று நீதிமன்றம் சொல்கிறது. ஊரில் என்ன பேச்சு? ‘கோர்ட்டே பட்டா கொடுக்கச் சொல்லிவிட்டது!’ இல்லை. பதில் சொல் என்றுதான் கோர்ட் சொன்னது. தாசில்தார் கடைசி வாரத்தில் காரணம் காட்டி ‘முடியாது’ என்று எழுதினாலும் அந்த உத்தரவு நிறைவேறிவிட்டது. கோர்ட்டிடம் என்ன கேட்கப்பட்டது, எந்தச் சட்ட வாசகத்தை வைத்து அது பதில் சொன்னது என்று பார்க்காமல் யார் ஜெயித்தார்கள் என்று மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஆகும்.

பட்டா வழக்கில் ஏமாந்தால் நஷ்டம் ஒரு குடும்பத்தோடு போகும். 75 வருஷமாக நாம் அரைகுறையாகப் பேசிக்கொண்டிருக்கும் ஒரு வழக்கு இருக்கிறது, சம்பகம் துரைராஜன் வழக்கு. அதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம்.

அன்றைய சென்னை மாகாணத்தில் கம்யூனல் ஜி.ஓ. என்ற வகுப்புவாரி ஆணை இருந்தது. நீதிக்கட்சிக் காலத்தில் வேர்விட்டு, 1920-களின் கடைசியில் நடைமுறைக்கு வந்து, 1947-இல் திருத்தப்பட்டது. மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் 14 இடம் என்றால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர், இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. இதில் பொதுப் பிரிவு என்று ஓர் இடம்கூடக் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் இன்று இடஒதுக்கீடு என்று சொல்வதும் இதுவும் ஒன்றல்ல. மொத்த இடங்களும் சாதி, மத வாரியாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டவை.

1950 ஜனவரி 26-இல் அரசமைப்பு நடைமுறைக்கு வருகிறது. ஐந்து மாதம்கூட ஆகவில்லை, ஜூன் 7-ஆம் தேதி சம்பகம் துரைராஜன் என்ற பெண், இந்த ஆணையால் மருத்துவக் கல்லூரியில் தனக்கு இடம் கிடைக்காது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகிறார். கிண்டி பொறியியல் கல்லூரிக்கு விண்ணப்பித்த ஒரு மாணவரும் வருகிறார். இன்டர்மீடியட்டில் கணக்கு, இயற்பியல், வேதியியலில் 450-க்கு 369 வாங்கியவர். அவருக்காக உயர் நீதிமன்றத்தில் வாதாடியது யார் தெரியுமா? அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், அரசமைப்பு வரைவுக் குழுவில் உட்கார்ந்து இதே வாசகங்களை எழுதியவர்களில் ஒருவர். தலைமை நீதிபதி ராஜமன்னார், விஸ்வநாத சாஸ்திரி, சோமசுந்தரம் மூவரும் அடங்கிய முழு அமர்வு 1950 ஜூலை 27-இல் ஆணை செல்லாது என்றது. பின்னாளில் மாநில சுயாட்சி பற்றி ஆராயக் கலைஞர் அரசு அமைத்த குழுவின் தலைவரும் இதே ராஜமன்னார்தான். அவரை வடக்கத்திய மனப்பான்மைக்காரர் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

மாகாண அரசு மேல்முறையீடு செய்தது. 1951 ஏப்ரல் 9-இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் உயர் நீதிமன்றத்தின் முடிவையே உறுதி செய்தார்கள். இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி. சம்பகம் துரைராஜன் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை! விசாரித்துப் பார்த்ததில் பிராமணர் என்பதால் இடம் கிடைக்காது என்று தெரிந்தது, அதனால் போடவில்லை என்பது அவர் பிரமாண வாக்குமூலம். ஜெயித்தால் ஓர் இடம் ஒதுக்குவதாக அரசு ஒப்புக்கொண்டிருந்ததால் உச்ச நீதிமன்றம் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் விண்ணப்பிக்காமலே உரிமை போச்சென்று வழக்குக்கு வருவதை நாங்கள் ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று ஜாக்கிரதையாக எழுதி வைத்தது.

சரி, ஆணை ஏன் செல்லாது? 29-ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, அரசு நடத்தும் அல்லது அரசு உதவி பெறும் கல்வி நிறுவனத்தில் மதம், இனம், சாதி, மொழி என்ற காரணத்துக்காக மட்டும் எந்தக் குடிமகனுக்கும் சேர்க்கை மறுக்கக் கூடாது என்கிறது. நலிந்தவர்களின் கல்வியை அரசு தனி அக்கறையோடு வளர்க்க வேண்டும் என்கிறதே 46-ஆவது பிரிவு, அதற்கு என்ன மதிப்பு என்று அரசு கேட்டது. அது வழிகாட்டு நெறி, கோர்ட் மூலம் அமலாக்க முடியாதது, அடிப்படை உரிமையை அது மீற முடியாது என்று பதில் வந்தது.

இத்தோடு நிறுத்திக்கொள்பவர்கள்தான் ‘இடஒதுக்கீட்டையே கோர்ட் ஒழித்தது’ என்கிறார்கள். அதே நாளில், அதே கம்யூனல் ஜி.ஓ. பற்றி, உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பும் சொன்னது, வெங்கடரமணா வழக்கில். மாவட்ட முன்சீப் என்ற கீழ்நிலை நீதிபதிப் பணி, 83 இடம். அரிஜனங்களுக்கு 19, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 10 என்று ஒதுக்கியதைக் கோர்ட் தவறு என்று சொல்லவில்லை. மற்ற பங்கீட்டைத்தான் தள்ளியது. ஏன் இந்த வித்தியாசம்? அரசு வேலை பற்றிய 16-ஆவது பிரிவில், பிற்படுத்தப்பட்டோருக்கு இடம் ஒதுக்கலாம் என்று நான்காவது உட்பிரிவு வெளிப்படையாக இருந்தது. கல்லூரிச் சேர்க்கை பற்றிய 29-இல் அப்படி ஒன்று இல்லை. வேலைக்கு எழுதியவர்கள் படிப்புக்கு எழுதாமல் விட்டிருக்கிறார்களே, அது வேண்டுமென்றே விட்டதாகத்தான் இருக்கும் என்று கோர்ட் எடுத்துக்கொண்டது.

வாசகத்தை வைத்துப் பார்த்தால் கோர்ட் சொன்னதில் பெரிய பிழை இல்லை என்பது என் கருத்து. இதைச் சொன்னால் இடஒதுக்கீட்டை ஆதரிக்கும் நம் நண்பர்கள் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். ஏனென்றால் தெருவில் இறங்கிய பெரியாரும், டெல்லியில் நேருவும், சட்ட அமைச்சர் அம்பேத்கரும் கேட்டதும் செய்ததும் இந்த ஓட்டையை அடைப்பதைத்தான். தீர்ப்பு வந்து 70 நாளில், 1951 ஜூன் 18-இல், முதல் அரசமைப்புத் திருத்தம். முதல் பொதுத்தேர்தல்கூட நடக்கவில்லை, அரசமைப்பை எழுதிய அவையே இடைக்கால நாடாளுமன்றமாக இருந்து அதைத் திருத்தியது. 15-ஆவது பிரிவில் நான்காவது உட்பிரிவு சேர்ந்தது. சமூகத்திலும் கல்வியிலும் பிற்படுத்தப்பட்டோருக்கும் பட்டியல் சாதிகள், பழங்குடியினருக்கும் அரசு தனி ஏற்பாடு செய்வதை 15-ஆவது பிரிவோ 29-இன் இரண்டாம் உட்பிரிவோ தடுக்காது. எந்த எண்ணில் கோர்ட் கை வைத்ததோ அந்த எண்ணையே பெயர் சொல்லி எழுதினார்கள்.

ஆனால் ஜி.ஓ. திரும்பி வரவில்லை, கவனியுங்கள். பதினான்கையும் பங்கு போடும் முறை அதோடு போயிற்று. பிற்படுத்தப்பட்டோருக்கு இத்தனை, மீதி எல்லோருக்கும் பொது என்ற புது ஏற்பாடு வந்தது.

அதே முதல் திருத்தத்தில் இன்னொன்றும் இருந்தது, ஒன்பதாவது அட்டவணை. ஜமீன்தார் ஒழிப்புச் சட்டங்களைக் கோர்ட்டிலிருந்து காப்பாற்றப் போட்ட வேலி. அப்புறம் 1992-இல் மண்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இடஒதுக்கீட்டுக்கு 50 சதவீத வரம்பு விதித்தபோது, தமிழ்நாடு தன் 69 சதவீதச் சட்டத்தை 1994-இல் அந்த அட்டவணைக்குள்தான் கொண்டுபோய் வைத்தது. 76-ஆவது திருத்தம், 257-ஏ என்ற வரிசை எண். அது பூட்டிய அறை என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். நீலகிரி மாவட்டக் கூடலூர் ஜன்ம நிலச் சட்டத்திலிருந்து கிளம்பிய கோயலோ வழக்கில், ஒன்பது நீதிபதிகள் 2007 ஜனவரியில் சொன்னது வேறு. அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை, அதாவது திருத்தத்தாலும் அழிக்க முடியாத அதன் அடித்தளத்தை, கேசவானந்த பாரதி வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்துச் சொன்ன நாள் 1973 ஏப்ரல் 24. அதற்குப் பிறகு அந்த அட்டவணையில் சேர்ந்த எந்தச் சட்டமும் அந்தக் கட்டமைப்பை மீறுகிறதா என்று கோர்ட் பார்க்கலாம். நம் சட்டம் அங்கே போய்ச் சேர்ந்தது 1994-இல்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.