மெழுகு வழிந்துவிடாதா, ரீச்சர்?

தலைமை தாங்கும் ஐயா, என்னோடு சித்திரம் கற்பித்த ஆசிரியர்களே, என் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

முப்பது வருடமாகத் தேன்மெழுகில் ஓவியம் வரைகிறேன். அவ்வளவு காலமும் யாழ்ப்பாணத்தில் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இந்த வெயிலுக்கு மெழுகு வழிந்துவிடாதா, ரீச்சர்?"

வழியாது. தேன்மெழுகு உருக 62 முதல் 64 பாகை செல்சியஸ் வேண்டும். எங்கள் சித்திரை மாத நிழலில் அதில் பாதிக்குச் சற்று மேலேதான் சூடு. எகிப்தின் பயூம் பகுதியில், பாடம் செய்த உடல்களின் முகத்தின்மேல் பலகை ஓவியங்களை வைத்துக் கட்டினார்கள். கி.பி. 1 முதல் 3ஆம் நூற்றாண்டு வரை வரைந்தவை. பல மெழுகால் ஆனவை. அந்த முகங்களின் கண்ணில் இன்றும் ஈரம் தெரிகிறது. பாலைவனத்து மண்ணுக்குள் இத்தனை நூற்றாண்டு கிடந்தும் அவை வழிந்து போகவில்லை.

எங்கள் ஊரில் ஓவியத்துக்கு எதிரி மாரிகாலம்தான். கடற்காற்றும் ஈரமும் சேர்ந்தால் துணியில் பூஞ்சணம் ஏறிவிடும். மெழுகுக்குள் ஈரம் இறங்காது. அதனால்தான் இது எங்கள் மண்ணுக்கு ஏற்ற ஊடகம் என்று பிடிவாதமாகச் சொல்லி வருகிறேன். துணியில் மெழுகு பூசிச் சாயம் தோய்க்கிற 'பற்றிக்' வேலையில் மெழுகைக் கடைசியில் கழுவி எடுத்துவிடுவோம். இங்கே மெழுகுதான் ஓவியம்.

நான் தொடங்கியது மின்சாரம் இல்லாத வருடங்களில். இரவில் ஜாம் போத்தல் விளக்கு, பகலில் மண்ணெண்ணெய் அடுப்பு. தேன் பிழிந்து மிஞ்சிய அடையை வாங்கி உருக்கி, துணியில் வடித்து, வண்ணப்பொடி கலந்தேன். முதல் ஓவியம் எங்கள் வேலிப் பூவரசு. ஆறு மாதத்தில் பழஞ்சுவரின் சுண்ணாம்பு மாதிரி அது உரிந்து விழுந்தது. அன்று அழுதேன்.

பிழை என்னுடையது. பூசிய ஒவ்வொரு படையையும் மறுபடி சூடு காட்டிக் கீழ்ப்படையோடு உருக்கி ஒட்டவேண்டும். இந்தக் கலையை 'என்கோஸ்டிக்' என்பார்கள்; 'எரித்து உள்ளே இறக்குவது' என்ற பொருளில்தான் கிரேக்கர் இதற்குப் பெயரே வைத்தார்கள். அம்மம்மா முற்றத்துக்குச் சாணம் போடும்போது பழைய தரையில் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் புதிதாக மெழுகுவார். தரையை மெழுகுகிறோம் என்றுதானே சொல்கிறோம்! அந்தச் சொல்லைக் கேட்டே வளர்ந்தவளுக்கு இது விளங்க ஆறு மாதம் எடுத்தது.

அதன்பின் சிரட்டைக்கரி போட்ட ஸ்திரிப்பெட்டிதான் என் கருவி. பலகையில் தொடாமல், ஒரு விரல் இடைவெளியில் பிடித்து மெல்ல நகர்த்துவேன். மங்கிக் கிடந்த மெழுகு திடீரென்று நனைந்ததுபோல் மினுங்கும். அந்தக் கணத்தில் கையை எடுத்துவிட வேண்டும். ஒரு மூச்சு பிந்தினாலும் நீலம் பச்சைக்குள் ஓடிவிடும். இப்போது வெப்பக்காற்றுத் துப்பாக்கி வந்துவிட்டது. கை பழக வேண்டியது மட்டும் அப்படியே இருக்கிறது.

மெழுகு மட்டும் போதாது, மிருதுவாகவே இருந்துவிடும். எட்டுப் பங்கு மெழுகுக்கு ஒரு பங்கு டமார் பிசின் சேர்த்தால் இறுகும். டமார் வேறொன்றுமில்லை, கோயிலில் புகைக்கிற குங்கிலியத்தின் இனம்தான். அடிப்பலகை வளையக்கூடாது, வளைந்தால் மெழுகு வெடிக்கும். அப்புறம் பிள்ளைகளே, மெழுகு புகைந்தால் சூடு கூடிவிட்டது என்று அர்த்தம். உடனே அடுப்பைக் குறையுங்கள், ஜன்னலைத் திறவுங்கள்.

வகுப்பில் ஒரு பிள்ளை கிழிந்த மீன்வலைத் துண்டொன்றைக் கொண்டு வந்தாள், அவளுடைய அப்பாவின் வலை. அதைப் பழைய அப்பியாசக் கொப்பித் தாளின்மேல் விரித்து மெழுகை ஊற்றினாள். மெழுகு ஊறியதும் தாள் கண்ணாடிபோல் ஆகி, பின்பக்கத்துக் கணக்குகள் வலைக்கண்களுக்குள்ளால் தெரிந்தன. ஜாஸ்பர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க ஓவியர் 1954–55இல் பத்திரிகைத் துண்டுகளை மெழுகுக்குள் புதைத்துத் தன் நாட்டுக் கொடியை வரைந்தார். அவளுக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. அன்று அவளுக்குக் கற்பிக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பள்ளிக்கூடத்தில் கற்பித்துக்கொண்டே முழு ஓவியராகவும் வாழலாம் என்று மாற்கு மாஸ்டர் காட்டிவிட்டுப் போன ஊர் இது. எனக்கு அந்தத் துணிவே போதுமாக இருந்தது.

பூவரசை நான் திரும்பவும் வரைந்தேன். அந்தப் பலகை அன்றிலிருந்து எங்கள் வீட்டு விறாந்தையில்தான் தொங்குகிறது. இன்று கழற்றிக்கொண்டு வந்திருக்கிறேன், அதோ வாசல் மேசையில் இருக்கிறது. போகும்போது தொட்டுப் பாருங்கள். தொடலாம், கை ஒட்டாது.