வறுத்த ஈசலும் கட்டிய பையும்

நேயர்களுக்கு வணக்கம். மழை விட்ட அந்தியில் புற்றிலிருந்து ஈசல் கிளம்பும். விளக்கு வைத்துப் பிடிப்பார்கள். வாணலியில் வறுத்து முறத்தில் போட்டுப் புடைத்தால் இறகெல்லாம் பறந்துவிடும். கீழே தங்குவதைப் பொரியோடு கலந்து தின்பார்கள். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் சிலருக்கு இந்த ருசி தெரிந்திருக்கும். தெரியாதவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். நல்ல புரதமும் கொழுப்பும் உள்ள உணவு இது.

உணவில் வளரும் கிருமிகளைப் பற்றிப் பாடம் நடத்தியவள் நான். பூச்சி தின்னலாமா என்று என்னிடம் கேட்பவர்களை நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வறுத்த பிறகு அதை எங்கே, எப்படி வைத்தீர்கள்?

ஏன் இப்படிக் கேட்கிறேன் என்றால், கென்யாவில் நடந்த ஒரு சம்பவம். 1980இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. ஈசல் தின்ற சிலருக்குப் பொட்டுலிசம் வந்தது. இமை தொங்கும், பேச்சு குழறும், எச்சில்கூட விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு விடும் தசைகளே ஓய்ந்துவிடும். அப்படிப்பட்ட நோய். அந்த ஈசல் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தது. காற்றுப் புகாத பை!

இந்த நோயைத் தரும் கிருமியின் வித்து, அதாவது கெட்டியான உறைக்குள் கிருமி உறங்கும் நிலை, மண்ணில் இருப்பது. ஈசல் மண்ணுக்குள்ளிருந்து வருகிறது. கோழியையோ மீனையோ போலக் குடலை எடுத்துவிட்டா ஈசலைத் தின்கிறோம்? குடலோடு அப்படியே தின்கிறோம். கொதிக்கும் தண்ணீரிலும் அந்த வித்து சாகாது. ஈரம் இருந்து காற்று இல்லாவிட்டால் போதும், முளைத்து நஞ்சைக் கக்கும். மணத்தை வைத்து எப்போதும் கண்டுபிடித்துவிட முடியாது. மறுபடி சொல்கிறேன், ஈரமும் வேண்டும், காற்றில்லாத இடமும் வேண்டும். நன்றாகக் காய்ந்து மொறுமொறுவென்று இருக்கும் ஈசலில் அதற்கு வேலையில்லை. சூடு ஆறுவதற்கு முன்னால் கட்டினால் பைக்குள் வேர்க்கிறதே, அந்த ஈரம்தான் ஆபத்து.

வெறும் வறுவலை நம்பவும் கூடாது. 2012இல் நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தார் புழு, சில்வண்டு வகைகளைச் சோதித்தார்கள். வெறுமனே வறுத்தபோது குடல் கிருமிகள் முழுதாகச் சாகவில்லை. சில நிமிடம் வேகவைத்தபோது செத்தன, வித்துகள் மட்டும் தப்பின. ஆகவே முதலில் வேகவையுங்கள், அப்புறம் வறுங்கள், ஈரமில்லாமல் உலர்த்துங்கள். சமைத்த அன்றே தின்றுவிடுவது எல்லாவற்றிலும் மேல்.

ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் மாவுப்புழுவை உணவாக அனுமதித்ததைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சரி, ஒன்றே ஒன்று. இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பூச்சியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். எவ்வளவு வேகவைத்தாலும் அந்த ஒவ்வாமை போய்விடும் என்று நம்ப முடியாது. அவர்கள் தொடாமலிருப்பதே நல்லது. வணக்கம்.